நெசமா, எனக்குத் தோணுதா?

நரம்பு கிடைக்காத கைகளை அவளிடம்தான் அனுப்புவோம். பாளையங்கோட்டையில் நாங்கள் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்த நான்கு பேர் இருந்தோம். சர்க்கரை நோயில் சுருங்கிப்போன கை, பல தடவை குத்தி நீலம் பாரித்த கை, அழுது திமிறும் பிள்ளையின் கை, எல்லாம் கடைசியில் அவள் நாற்காலிக்குத்தான் போகும். முழங்கை மடிப்பைக் கட்டைவிரலால் இரண்டு முறை தடவுவாள். கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள். "இந்தா, இங்கன ஒளிஞ்சிருக்கான் பாருங்க" என்பாள். அதற்குள் ஊசி உள்ளே போயிருக்கும்.

விரலில் அவ்வளவு நிச்சயம் இருந்த ஒருத்திக்கு வேறு எதிலும் நிச்சயம் கிடையாது. ஊசியைக் கீழே வைத்ததும் என்னைத் தேடி வருவாள்.

"ஏட்டி, அந்தம்மா என்னப் பாத்து மொகத்தத் திருப்பிக்கிட்டா. நெசமா, எனக்குத் தோணுதா?"

இந்தக் கேள்வி எட்டு வருஷம் என் காதில் விழுந்தது. "நான் இப்ப சத்தமா பேசினேனா?" "சார் சிரிச்சது என்னய நெனச்சா?" "இன்னைக்கு வெயில் கூடுதலா, எனக்கு மட்டும்தான் சுடுதா?" டீ குடிக்கும்போது கேட்பாள், பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்பாள், கழிப்பறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டும் கேட்பாள்.

அவளுக்கு இருந்த நோயை டாக்டர் சீட்டில் பைபோலார் என்று எழுதியிருந்தார். அம்பாசமுத்திரத்தில் அண்ணன் வீட்டில் இருந்தாள். அந்த வீட்டில் நோயின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "அவளுக்கு ஏறிட்டு", "அவளுக்கு எறங்கிட்டு" என்பார்கள், ஆற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேசுகிற மாதிரி. தெருவில் அவ்வளவு யோசிக்கவில்லை. கோட்டி என்றார்கள், பைத்தியத்துக்கு எங்கள் ஊர்ச் சொல்.

ஒரு தடவை ஏறியிருந்தபோது வேலைக்கு வருகிற வழியில் பத்தமடையில் இறங்கி, லேபில் இருந்த எங்கள் ஆறு பேருக்கும் ஆளுக்கொரு கோரைப்பாய் வாங்கி வந்துவிட்டாள். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க இருபது பேர் காத்திருக்கும் அறையில், ஒவ்வொரு பாயாக விரித்துக் காட்டினாள். "ஒங்க மூஞ்சியெல்லாம் பாக்கேன். ஒருத்தருக்கும் நல்ல ஒறக்கம் இல்ல" என்றாள். அவள் தூங்கி மூன்று நாளாகியிருந்தது. வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கையைத் தட்டினார். எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். பிறகு பாதிச் சிரிப்பில் என் பக்கம் திரும்பி, "இது வேடிக்கைக்குத்தானே சிரிக்காவ?" என்றாள்.

இறங்கிய நாட்களில் பேச்சே இருக்காது. ஒருநாள் காலை பஸ் புதிய பஸ் ஸ்டாண்டுக்கு வந்து எல்லோரும் இறங்கிய பிறகும் இவள் எழுந்திருக்கவில்லை. அதே பஸ் அவளை ஏற்றிக்கொண்டு திரும்ப அம்பாசமுத்திரம் போனது. அங்கேயும் இறங்கவில்லை. மறுபடியும் வந்தாள். மூன்றாம் தடவை கண்டக்டர்தான் அவளுடைய அடையாள அட்டையைப் பார்த்து எங்களுக்குப் போன் செய்தார். போய்க் கூட்டி வந்தேன். "எந்திரிக்கணும்னு தெரியுது. எந்திரிக்க வேண்டியது நான்தானான்னு தெரியல" என்றாள்.

டாக்டர் அவளுக்கு ஒரு யோசனை சொல்லியிருந்தார். நம்பிக்கையான ஒரு ஆளை வைத்துக்கொள்ள வேண்டும். மனசு காட்டுவது மெய்யா பொய்யா என்று சந்தேகம் வந்தால் அந்த ஆளிடம் கேட்டு, அவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். அவள் என்னைத் தேர்ந்தெடுத்தாள்.

"மத்தவிய எல்லாம் என்னப் பாத்துப் பாவப்படுதாவ. நீ மூஞ்சிக்கு நேரா சொல்லுவ" என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. முதல் ஒரு வருஷம் ஒழுங்காகத்தான் பதில் சொன்னேன். சத்தமாகப் பேசினாள் என்றால் ஆமாம் என்பேன். யாரும் முறைக்கவில்லை என்றால் இல்லை என்பேன். அவள் நிம்மதியாக நாற்காலிக்குத் திரும்பிப் போவாள். ஒரு மனுஷி என் ஒற்றைச் சொல்லில் எழுந்து நடப்பதையும் உட்கார்வதையும் நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தால் மனசு என்ன ஆகும் என்று எனக்கு யாரும் யோசனை சொல்லவில்லை.

லேபை நடத்திய சார் ஒருநாள் அவளை அழைத்து, ரத்தம் எடுக்கும் பகுதிக்கு அவளே பொறுப்பாக இருக்கட்டும் என்றார். நான் அவளைவிட இரண்டு வருஷம் முன்னால் சேர்ந்தவள். அவள் நேராக என்னிடம் ஓடி வந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"நெசமாத்தான் சொல்லுதாராட்டி?"

"மாத்திர சாப்பிடுதவன்னு தெரிஞ்சும் பொறுப்பு குடுப்பாவளா? ஒன்ன ஆழம் பாக்காரு. சரின்னு சொன்னா, இவளுக்கு ஏறிட்டுன்னு நெனைப்பாரு."

"நல்லவேள ஒன்கிட்ட கேட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் வேண்டாம் என்று சொன்னாள். அந்த வாரமே பொறுப்பு எனக்கு வந்தது.

அதற்காவது ஒரு காரணம் இருந்தது. அடுத்துச் செய்ததற்கு இன்றுவரை எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர் மாதம் தவறாமல் தன் அம்மாவைச் சர்க்கரை பார்க்க அழைத்து வருவார். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் எண்ணெய்க் கறை போகாமல், சட்டை மட்டும் சலவை மடிப்போடு வருவார். அம்மாவை எப்போதும் இவள் நாற்காலியில்தான் உட்கார வைப்பார். "நீங்க குத்துனா அம்மைக்கு வலிக்கலன்னு சொல்லுதா" என்பார். நான்காவது மாதம் அம்மா இல்லாமல் வந்தார், போனில் அனுப்பியிருந்த ரிப்போர்ட்டில் ஒரு சந்தேகம் என்று. சந்தேகம் ஒன்றுமில்லை என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. அவர் போனதும் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி, அவரு என்னப் பாக்கத்தான் வாராரா? நெசமா, எனக்குத் தோணுதா?"

"ஒனக்குத் தோணுது" என்றேன். "ராத்திரி ஒழுங்கா ஒறங்குனியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த மாதம் அவர்கள் வந்தபோது எழுந்து உள்ளே போய்விட்டாள். அம்மாவின் கையை நான்தான் குத்தினேன். இரண்டு தடவை தவறி மூன்றாம் தடவை கிடைத்தது. அவர் தயங்கித் தயங்கி, "அவங்க லீவா?" என்று கேட்டார்.

"இருக்காங்க. அப்பப்ப மனசு சரியில்லாம போயிரும். அதுக்கு மாத்திர சாப்பிடுதாங்க" என்றேன்.

அவர் புரிந்துகொண்டார். பிறகு அந்த அம்மாவை வேறு லேபுக்குக் கூட்டிப்போனார்கள் போலிருக்கிறது. எனக்கு அவர்மேல் ஒன்றுமில்லை. எனக்குக் கல்யாணமாகி நான்கு வருஷமாகியிருந்தது. அவள் கேட்டாள். ஆமாம் என்று சொல்வதும் இல்லை என்று சொல்வதும் என் கையில் இருந்தது. அவ்வளவுதான்.

ஐப்பசி மழையோடு காய்ச்சல் வந்தது. லேபில் உட்கார இடமில்லாமல் படி வரைக்கும் ஆட்கள் நின்றார்கள். வேகமாக முடிய வேண்டும் என்று, அவள் ரத்தம் எடுக்க, நான் குழாயில் பெயரும் எண்ணும் எழுதி ஒட்ட, இரண்டு பேருமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு குழாயையும் ஆள் எழுந்திருப்பதற்கு முன்னால் எழுதி ஒட்ட வேண்டும், அதுதான் முறை. அன்று என் வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டார். பேசி முடிக்கும்போது இரண்டு குழாய் சேர்ந்துவிட்டன. இரண்டு பேருக்கும் பெயர் செல்வி. ஒருத்திக்கு இருபது வயதிருக்கும், மற்றவள் ஐம்பதைத் தொட்டவள். ஞாபகத்தில் இருந்து எழுதி ஒட்டினேன்.

அன்று அவளுக்கு ஏறிக்கொண்டிருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். தலையில் இரண்டு பந்து பிச்சிப்பூ வைத்திருந்தாள். காலையில் இருந்து வாய் ஓயவில்லை. காய்ச்சலில் கிடந்த ஒரு ஆளிடம் அவர் போட்டிருந்த சட்டையின் நிறத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினாள்.

பதினோரு மணிக்கு ரிப்போர்ட்டுகள் வந்தன. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் சின்னவளுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல், பயப்பட ஒன்றுமில்லை. பெரியவளுக்கு இருபத்திரண்டாயிரம், உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய அளவு. இரண்டு வீட்டாரும் தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். எங்களிடம் இருந்த பிரதிகளை அடுக்கும்போது இவள் கண்ணில் பட்டது. இரண்டையும் எடுத்துக்கொண்டு சாரின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், இந்தச் சின்னப் பிள்ளைக்கு நான்தான் எடுத்தேன். பஞ்ச எவ்வளவு அழுத்திப் பிடிச்சும் ரத்தம் நிக்கல. இவளுக்கு ரெண்டு லட்சமா? அந்தப் பெரியம்மாவுக்குக் குத்துன எடமே தெரியல. அவளுக்கு இருபத்திரெண்டாயிரமா? குழா மாறிருக்கு சார்."

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் கையில் ரத்தம் நிற்காததை இவள் என்னைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தாள். போனைக் காதில் வைத்தபடி நானும் பார்த்தேன். சார் என்னைத்தான் பார்த்தார்; பொறுப்பு என்னுடையது.

"ஏட்டி" என்றேன், "நீ மாத்திர போட்டியா?"

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அக்கறையோடு கேட்கிற மாதிரிதான் கேட்டேன். ஆனால் அறை முழுக்க ஆட்கள் இருந்தார்கள். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள், அவள் தலையில் இருந்த பூவையும் சேர்த்து.

"நேத்து போடல. மறந்திட்டு. ஆனா ரத்தம் நிக்கலயே..."

"நேத்து போடலயாம்" என்று சாரிடம் சொன்னேன்.

அவள் சண்டைக்கு வந்திருக்கலாம். என்னைப் பொய்க்காரி என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, எட்டு வருஷப் பழக்கத்தில் என்னிடமே கேட்டாள்.

"ஒன்ட்ட காட்டுனேம்லா. நீயே சொல்லு. நெசமா, எனக்குத் தோணுதா?"

"ஒனக்குத் தோணுது. அது முந்தாநாள் வந்த பிள்ள."

தன் கட்டைவிரலைப் பார்த்தாள். பஞ்சை அழுத்திப் பிடித்த விரல். ஒரு நிமிஷம் நம்பிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். திடீரென்று மேஜைமேல் இருந்த போனை எடுத்து, பதிவேட்டில் பிள்ளையின் வீட்டு எண்ணைத் தேட ஆரம்பித்தாள். சார் போனைப் பிடுங்கினார். அவள் விடவில்லை. இழுத்த இழுப்பில் குழாய்கள் அடுக்கியிருந்த தாங்கி சரிந்து, காலையில் எடுத்த ரத்தமெல்லாம் தரையில் போனது.

"அந்தப் பிள்ள செத்துருவா! செத்துருவா!" என்று கத்தினாள்.

"இந்தக் கோட்டியக் கொண்டா எங்களுக்கு ஊசி போடச் சொல்லுதீய?" என்று வரிசையில் இருந்து ஒருவர் எழுந்தார். இரண்டு ஆண்கள் அவள் கைகளைப் பின்னால் பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் அம்பாசமுத்திரத்தில் இருந்து வர ஒன்றரை மணி நேரமாகும். அதுவரைக்கும் சாமான்கள் வைக்கும் அறையில் அவளை விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டோம். போட்டோம் என்ன, நான்தான் போட்டேன்.

முதலில் கதவைத் தட்டினாள். பிறகு தட்டுவது நின்றது. கதவுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, பைய என்னைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, நான் ரொம்பச் சத்தம் போட்டுட்டேனா?"

நான் தரையில் கிடந்த ரத்தத்தைத் துடைக்கப் போனேன்.

மூன்று மணிக்கு, சார் சாப்பிடப் போயிருந்தபோது, அந்தப் பிள்ளையின் அப்பாவுக்குப் போன் செய்தேன். எதற்கும் வேறு இடத்தில் இன்னொரு தடவை பார்த்துவிடச் சொன்னேன். போனார்கள். இருபதாயிரத்துக்கும் கீழே வந்தது. அன்றே சேர்த்தார்கள். பல் ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்திருந்ததாம். பிழைத்துக்கொண்டாள். அந்த அப்பாவே பிறகு சாரிடம் சொன்னார்: "காலைல ரெண்டு லட்சம், சாயந்தரம் இருபதாயிரம். இந்தக் காய்ச்சல் ஒரே நாள்ல இப்படிக் கொறச்சிருமாமே சார்." சார், ஆமாம் என்றார். பெரியவள் காரணமில்லாமல் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். என்மேல் ஒரு கேள்வி வரவில்லை. அந்தப் பிள்ளையை நான்தான் காப்பாற்றினேன் என்று கொஞ்ச நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். நான் அந்தப் போனைச் செய்தபோது தாழ்ப்பாள் போட்ட அறை காலியாகிவிட்டிருந்தது. அண்ணன் வந்து அவளை நேரே மனநல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், அண்ணனும் அவளும் என் வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கு மேல் இருந்திருக்கிறாள். முகம் ஊதியிருந்தது. டீ கொடுத்தேன். கப்பைப் பிடித்த கை நடுங்கியது. கூட்டிய மருந்தால் வருகிற நடுக்கம், போகப் போகக் குறையலாம், குறையாமலும் இருக்கலாம் என்று அண்ணன் சொன்னார்.

"ஒன்னயப் போயி எல்லார் முன்னாலயும் தப்பு செஞ்சவளாக்கிட்டேன்" என்றாள். "டாக்டர்ட்ட எல்லாத்தையும் சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு ரத்தம் நிக்காதது, ஒன்னக் கூப்பிட்டுக் காட்டுனது, எல்லாம் எம் மனசு காட்டிருக்குட்டி. இவ்வளவு தெளிவா காட்டும்னா, இனி நான் எத நம்ப? ஊசியத் தொடப் பயமா இருக்கு. வேலைக்கு வரல."

நான் கொடியில் கிடந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மன்னிச்சிருட்டி. ஒங்க வேதத்துல மன்னிக்கணும்னு இருக்குல்லா."

"மன்னிச்சிட்டேன்" என்றேன்.

அண்ணன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் அவளைப் பார்க்கவில்லை. இந்த வருஷம் என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் குத்தினார்கள். நானும் குத்திப் பார்த்தேன். அம்மா வலியோடு, "ஒங்கூட ஒரு பிள்ள வேல பாத்தாள்லா, அவள வரச் சொல்லேன்" என்றாள். அம்மா வீட்டுக்கு வந்த மறுவாரம் நான் அம்பாசமுத்திரம் பஸ் ஏறினேன்.

வாசலுக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பெருத்திருந்தாள். நடுக்கம் இருந்தது. உள்ளே அண்ணன் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இப்போது கேள்விகள் எல்லாம் அவருக்குத்தான். "மதினி, நான் இவளுக்குத் தண்ணி குடுத்தேனா?" "குடுத்த." "மதினி, இவ மெலிஞ்சிருக்கா, எனக்குத் தோணுதா?" "மெலிஞ்சுதான் இருக்கா." அந்த அம்மா கீரையில் இருந்து கண்ணை எடுக்காமல், அலுத்துக்கொள்ளாமல், ஒவ்வொன்றுக்கும் உள்ளதைச் சொன்னார்.

நான் சொல்லிவிட்டேன். குழாய் மாறியது, நான் மாற்றி ஒட்டியது, ரத்தம் நிற்காததை என் கண்ணால் பார்த்தது, பேட்டைக்காரர் அவளைப் பார்க்கத்தான் வந்தது, சார் மெய்யாகவே பொறுப்பு கொடுத்தது. மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். முடித்ததும் என் முழங்காலில் தட்டிச் சிரித்தாள்.

"பாருங்க மதினி, நான் செஞ்சதயெல்லாம் தன் தலையில போட்டுக்கிடுதா. இப்படிச் சொன்னா எனக்குச் சமாதானமாவும்னு நெனைக்கா. வேண்டாம்ட்டி. நான் அதெல்லாம் தாண்டி வந்துட்டேன். மாத்திர ஒழுங்கா போடுதேன்." டீ போட எழுந்து உள்ளே போனாள்.

என் தோளில் இருந்து ஏதோ இறங்கின மாதிரி இருந்தது என்பதை மறைக்க முடியாது. சொல்லியாயிற்று, அவள் நம்பவுமில்லை. மதினி கீரையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்திரிங்க" என்றார்.

வாசல் வரைக்கும் கூட வந்தார். நான் செருப்பைப் போட்டதும் சொன்னார்: "நான் உள்ள போனதும் அவ என்கிட்ட கேப்பா, நீங்க சொன்னது நெசமான்னு. நான் உள்ளதத்தான் சொல்லுவேன். அவ தாங்குவாளோ, மாட்டாளோ. தாங்கலன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுதது நாங்க. நீங்க இல்ல."

"அப்ப சொல்லாண்டாம் மதினி" என்றேன்.

"என்ன நீங்க மதினின்னு கூப்பிடாதீங்க" என்று கதவைச் சாத்தினார்.

மூன்று வாரம் கழித்து ஒரு பகல் நேரத்தில் அவளிடம் இருந்து போன் வந்தது. ஏட்டி என்று கூப்பிடவில்லை. என் பெயரைச் சொன்னாள், லேபின் வருகைப் பதிவேட்டில் இருக்கிற மாதிரி முழுப் பெயரையும்.

"பத்து நாளு ஆஸ்பத்திரில இருந்தேன். நேத்துதான் வந்தேன். நீ செஞ்சது எல்லாம் எனக்குத் தெரியும். இனிமே வீட்டுக்கு வராத. போன் பண்ணாத."

எவ்வளவு ஏறியிருக்கிறாள் என்று அறியக் காதைத் தீட்டினேன். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்காகக் காத்திருக்கவில்லை.